இறங்கியவன் மேல் என்ன குற்றம்?

நடுநிலை தவறாத நடுவர் ஐயா அவர்களே! நான் எழுந்த உடனே பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கு வைக்க வேண்டிய பாயிண்டையெல்லாம் எடுத்துச் செலவழித்துவிட்ட என் அணித் தோழர்களே! ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை இந்தத் தமிழுக்காகத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கிற டல்லாஸ் நகரத்துத் தாய்மார்களே, பெரியோர்களே, பேரன் பேத்தியைப் பார்க்க வந்து இங்கே குளிரிலே இரண்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிற தாத்தா பாட்டிகளே!

இந்தத் தலைப்பைத் தொலைபேசியிலே சொன்னபோது எனக்குப் பகீர் என்றது. முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியிலே தமிழ் நடத்தியவன் நான். கண்ணகியா மாதவியா என்று கேட்டால் எழுந்த இடத்திலேயே ஒரு மணி நேரம் பேசுவேன். இவர்கள் கேட்டது என்ன? "இணைப்பு விமானத்திலே கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டு நடுவிலேயே இறங்கிப் போவது பயணியின் உரிமையா, வாக்கு மீறலா?" நான் கேட்டேன், "தம்பி, கம்பன்ல ஏதாவது..." என்று. "ஐயா, இந்த ஊரிலே வீட்டுக்கு வீடு இதுதான் சண்டை. புருஷன் உரிமைங்கிறான், பெண்டாட்டி மாட்டிக்குவீங்கங்கிறா. நீங்க வந்து தீர்த்து வைங்க" என்றார். வந்துவிட்டேன். புருஷன் பக்கம் பேசுகிறேன். (சிரிப்பு)

முன்வரிசையிலே ஒரு ஆச்சி என்னையே பார்க்கிறார். அவருக்கு ஒரு வார்த்தை விளக்கிவிட்டு மேலே போகிறேன். ஆச்சி, ஒரே டிக்கெட்டிலே இரண்டு விமானம் மாறிப் போகிறோம் இல்லையா, அதிலே ஒவ்வொரு பகுதிக்கும் விமானக்காரர்கள் பாஷையிலே 'லெக்' என்று பெயர். லெக் என்றால் கால். உங்கள் பேரன் என்ன செய்கிறான்? முதல் காலை வைக்கிறான், இரண்டாவது காலை வைக்காமல் இறங்கிப் போய்விடுகிறான். அவ்வளவுதான் விஷயம். நம்ம ஊரிலே ஒற்றைக் காலில் நின்றால் தவம். இந்த ஊரிலே ஒற்றைக் காலில் இறங்கினால் குற்றம்! (கைதட்டல்)

ஏன் இறங்குகிறான்? அங்கேதான் கதை. இந்த டல்லாஸிலிருந்து சார்லட் நகரத்துக்குப் போகவேண்டும் ஒருவனுக்கு. நேர் விமானத்துக்கு விலை கேட்கிறான். 400 டாலர் என்கிறார்கள். நான் உதாரணத்துக்குச் சொல்கிற தொகை, நாளைக்கு யாரும் என்னிடம் இந்த விலைக்கு டிக்கெட் கேட்காதீர்கள். அதே விமானம், அதே நாள், அதே இருக்கை வரிசை. ஆனால் டல்லாஸ், சார்லட், அங்கிருந்து மாறி நார்ஃபோக் என்று கேட்டால் 220 டாலர் என்கிறார்கள். கொஞ்ச தூரம் போனால் 400. இன்னும் தூரமாகப் போனால் 220. அவன் 220-க்கு வாங்கி, சார்லட்டில் இறங்கி, அக்கா வீட்டுக்கு நடையைக் கட்டுகிறான்.

தாய்மார்களே, இதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். புடவைக் கடைக்குப் போகிறீர்கள். பிளவுஸ் பிட் இல்லாத புடவை 1,400 ரூபாய். அதே புடவை, அதே கரை, அதே முந்தானை, பிளவுஸ் பிட்டோடு சேர்த்து 800 ரூபாய். எதை வாங்குவீர்கள்? 800 ரூபாய்க்கு வாங்கி, அந்த பிட்டு நமக்குச் சேரவில்லை என்றால் மேஜை துடைக்க வைத்துக்கொள்வீர்கள். அப்போது கடைக்காரன் பின்னாலேயே ஓடி வருகிறான். "அம்மா, நில்லுங்க! நீங்க பிளவுஸ் தைக்கலையாமே? மிச்சம் 600 ரூபாயை எடுங்க!" (பலத்த சிரிப்பு) நடுவர் ஐயா, சிரிக்கிறார்கள், பாருங்கள். இந்தச் சிரிப்பையே ஒரு சாட்சியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலே ஒரு வழக்கம் உண்டு, ஒளிப்பானேன். சென்னையிலிருந்து மதுரை போகிற பஸ்ஸிலே ஏறி, நான் நடுவிலே திருச்சியிலே இறங்கிக்கொள்கிறேன் என்றால், சில வண்டியிலே நடத்துநர், "இறங்குங்க, ஆனா மதுரைக்கு டிக்கெட் எடுத்துட்டு இறங்குங்க" என்பார். கோபம் வரும். ஆனாலும் அதிலே ஒரு நியாயம் இருக்கிறது. உன் இருக்கை அதுக்கப்புறம் காலி. இங்கே இவன் மதுரைக்கே காசு கொடுத்தாகிவிட்டது ஐயா! மதுரைக்குக் காசு கொடுத்துவிட்டுத் திருச்சியிலே இறங்கினவனைப் பிடித்து, "திருச்சிக்கு இன்னும் அதிகம், கொடு" என்று கேட்கிற நடத்துநரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. அவர் அப்படிக் கேட்டிருந்தால் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்திருக்கவும் மாட்டார்.

சரி, ஏன் இந்தத் தலைகீழ் விலை? விமானக்காரன் பைத்தியமா? இல்லை. படு புத்திசாலி. இந்த நாட்டிலே 1978 வரைக்கும் விமானக் கட்டணத்தை அரசாங்க வாரியம் நிர்ணயித்தது. அந்த வருஷம் சட்டம் போட்டு அவிழ்த்துவிட்டார்கள். எங்கே வேண்டுமானாலும் பற, என்ன விலை வேண்டுமானாலும் வை. அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் ஆளுக்கு ஒரு கோட்டை கட்டிக்கொண்டன. அட்லாண்டாவிலே டெல்டா. டல்லாஸிலும் சார்லட்டிலும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ். சக்கரத்துக்குக் குடம் மாதிரி நடுவிலே ஒரு ஊர், அதிலிருந்து ஆரக்கால் மாதிரி எல்லா ஊருக்கும் விமானம். கோட்டையிலிருந்து கோட்டைக்குப் போகிறவனுக்கு வேறு வழி குறைவு. ஆகவே விலையை ஏற்றலாம். நார்ஃபோக் போகிறவனுக்கு அப்படியா? அட்லாண்டா வழியாக டெல்டா கூப்பிடுகிறது, வாஷிங்டன் வழியாக யுனைடெட் கூப்பிடுகிறது. போட்டி இருக்கிறது, அதனால் இறக்கித்தான் ஆகவேண்டும். ஆக, அவர்கள் விற்பது தூரத்தை இல்லை ஐயா. நம்முடைய அவசரத்தை எடை போட்டு விற்கிறார்கள். உனக்குப் போக்கிடம் இல்லையென்றால் ஒரு விலை. உனக்கு இன்னொரு கடை திறந்திருந்தால் வேறு விலை.

வியாபாரம் என்றால் அப்படித்தான் என்று எதிரணித் தலைவர் சொன்னார். நான் மறுக்கவில்லை. நீ எனக்குப் போட்டி இருக்கிற இடத்திலே இறக்கு, இல்லாத இடத்திலே ஏற்று. அது உன் சாமர்த்தியம். நீ வைத்த விலைப்பட்டியலை நான் படித்துப் பார்த்து, எது மலிவோ அதை வாங்குகிறேன். அது மட்டும் எப்படி ஐயா துரோகம் ஆகும்?

இப்போது அவர்களுடைய பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் குரலை உயர்த்திச் சொன்னார், "தமிழனுக்கு வாக்குதான் உயிர். டிக்கெட் வாங்கும்போது ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டு, பிறகு மீறலாமா?" கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன், பேச்சு நன்றாக இருந்தது.

ஒப்பந்தத்திலே அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான். பல நிறுவனங்கள், கடைசி ஊர் வரைக்கும் போகிற எண்ணமில்லாமல் டிக்கெட் வாங்கக்கூடாது என்று எழுதி வைத்திருக்கின்றன. மீறினால் மிச்சப் பயணத்தை ரத்து செய்வோம், சேர்த்த மைல்களைப் பிடுங்குவோம், வித்தியாசப் பணத்தைக் கேட்போம் என்று போட்டிருக்கிறது. இந்த நாட்டிலே இது ஜெயிலுக்குப் போகிற குற்றம் இல்லை, ஒப்பந்தச் சச்சரவு. ஆனால் ஒப்பந்தம் என்றால் இரண்டு கை சேரவேண்டும். இங்கே ஒரு கை எழுதுகிறது, இன்னொரு கை 'சம்மதம்' என்று ஒரு கட்டத்தைத் தொடுகிறது. இந்த அரங்கத்திலே நானூறு பேராவது இருப்பீர்கள். அந்த விதிகளை முழுசாகப் படித்தவர்கள் கையைத் தூக்குங்கள். (அமைதி) ஒருத்தர் தூக்குகிறார். ஐயா, நீங்க என்ன வேலை? வக்கீலா? அதானே பார்த்தேன்! (சிரிப்பு)

வாக்கைப் பற்றிப் பேசுகிறோமே, அந்தப் பக்கத்து வாக்கு என்ன ஆகிறது? காலை 8 மணி விமானத்துக்கு வாங்கினேன். 11 மணிக்கு மாற்றிவிட்டோம் என்று செய்தி வருகிறது. சார்லட் வழியாகப் போகிறேன் என்று வாங்கினேன். மழை, பனி, ஃபிலடெல்ஃபியா வழியாகப் போ என்கிறார்கள். கேட்டால், 'உன்னைக் கடைசி ஊரில் சேர்ப்பதுதான் எங்கள் வாக்கு, எந்த வழியாக என்பது எங்கள் இஷ்டம்' என்கிறார்கள். அப்படியானால் நடுவழி ஊர் எனக்கு மட்டும் கட்டாயம், அவர்களுக்கு இஷ்டம்! பறக்காமல் விடுகிறவர்கள் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கிற இருக்கைக்கு மேலே டிக்கெட் விற்கிறார்களே, அது எந்த வாக்கு? பயணி வரமாட்டான் என்பதை வைத்து அவர்கள் காசு பார்க்கலாம். பயணி வரவில்லை என்றால் மட்டும் அவன் துரோகி.

2017 ஏப்ரல் 9-ஆம் தேதி சிகாகோ விமான நிலையத்திலே என்ன நடந்தது? நீங்கள் எல்லோரும் காணொளியிலே பார்த்திருப்பீர்கள். லூயிவில் போகிற யுனைடெட் எக்ஸ்பிரஸ் விமானம். தங்கள் ஊழியர் நான்கு பேருக்கு இடம் வேண்டும் என்பதற்காக, டிக்கெட் வாங்கி, ஏறி, இருக்கையிலே உட்கார்ந்துவிட்ட பயணிகளை இறங்கச் சொன்னார்கள். 69 வயது மருத்துவர் ஒருவர், எனக்கு நோயாளிகள் இருக்கிறார்கள், இறங்கமாட்டேன் என்றார். விமான நிலையக் காவலர்கள் அவரைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனார்கள். முகத்திலே ரத்தம். நடுவர் ஐயா, இறங்குகிறேன் என்கிறவனை இறங்காதே என்கிறார்கள். இறங்கமாட்டேன் என்கிறவரை இழுத்து இறக்குகிறார்கள். எப்போது ஏறவேண்டும், எப்போது இறங்கவேண்டும் என்பதை நாங்கள்தான் சொல்வோம் என்கிற அந்த மனப்பான்மையைத்தான் நாங்கள் எதிர்த்துப் பேசுகிறோம். (கைதட்டல்)

வள்ளுவர் நடுவுநிலைமை என்று ஒரு அதிகாரம் வைத்தார். அதிலே நீதிபதிக்கும் சான்றோருக்கும் சொல்லிவிட்டு, கடைசிக் குறளைக் கொண்டுபோய் யாருக்கு வைத்தார் தெரியுமா? வியாபாரிக்கு! அடுத்தவன் பொருளையும் உன் பொருளைப் போலப் பார்த்துச் செய் என்று. பயணி பறக்காமல் விட்ட இருக்கை அவன் பொருள். காசு கொடுத்தாயிற்று.

இதற்கு எதிரணித் தம்பி ஒருவர், இளைஞர், நல்ல விவரமாகப் பேசினார், வழக்குகளை அடுக்கினார். "பேராசிரியரே, நம்ம பக்கத்து ஊர் ஃபோர்ட் வொர்த்திலேயே தீர்ப்பு வந்தாச்சு, தெரியாதா?" என்றார். தெரியும் தம்பி. முழுக் கதையையும் சொல்லலாம்.

நியூயார்க்கிலே அக்தாரர் ஜமான் என்று ஒரு பையன். 22 வயது. நடுவிலே இறங்குகிற மலிவு டிக்கெட்டுகளைத் தேடிக் காட்ட 'ஸ்கிப்லேக்டு' என்று ஒன்றை உண்டாக்கினான். 2014 நவம்பரிலே யுனைடெட் ஏர்லைன்ஸும் ஆர்பிட்ஸ் நிறுவனமும் சேர்ந்து அவன் மேலே சிகாகோவில் வழக்குப் போட்டன. 75,000 டாலர் நஷ்டம் என்றார்கள். ஒரு பக்கம் எத்தனை நூறு விமானம், இன்னொரு பக்கம் ஒரு பையனும் ஒரு கம்ப்யூட்டரும். ஊர் ஜனங்கள் நன்கொடை போட்டு வழக்கு நடத்தினார்கள். ஆர்பிட்ஸ் 2015 பிப்ரவரியிலே சமாதானமாகிவிட்டது. யுனைடெட் வழக்கு அதே வருஷம் தள்ளுபடி ஆனது. அது உரிமை என்று தீர்ப்பாகவில்லை. நியூயார்க்காரனை விசாரிக்க சிகாகோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றுதான் தள்ளினார்கள். எங்களுக்குச் சாதகம் என்று அதைத் தூக்கிக்கொண்டு ஆட நான் தயாராயில்லை. அதே மாதிரி நீங்களும் ஃபோர்ட் வொர்த்தைத் தூக்கிக்கொண்டு ஆடக்கூடாது தம்பி. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2023 ஆகஸ்டிலே வழக்குப் போட்டது, 2024 அக்டோபரிலே ஜூரி 94 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, நிஜம். எதற்காகக் கொடுக்கச் சொன்னார்கள்? விமான நிறுவனத்தின் முத்திரைப் படத்தைப் போட்டதற்கு, பதிப்புரிமை மீறல் என்று! கடைக்காரன் போர்டைக் காப்பி அடித்தவனுக்கு அபராதம். கடையிலே புடவை வாங்கினவளுக்கு இல்லை. பயணி கூண்டிலேயே ஏறவில்லை.

பயணி கூண்டிலே ஏறின வழக்கும் ஒன்று இருக்கிறது, அது ஜெர்மனியிலே. 2016-இல் ஒருவர் லுஃப்தான்சாவிலே ஆஸ்லோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக சியாட்டில் போய்விட்டுத் திரும்பினார். திரும்பும்போது ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே இறங்கி, வேறு டிக்கெட்டிலே பெர்லின் போய்விட்டார். கடைசிக் கால் ஆஸ்லோ வைக்கவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனம், ஒரு தனி மனுஷனிடம் 2,112 யூரோ கேட்டு வழக்குக்குப் போனது. 2018 டிசம்பரிலே பெர்லின் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மறுபடி எப்படிக் கணக்குப் போடுவீர்கள் என்பதைப் பயணிக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லையே என்று கேட்டது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போயிற்று. நான் சொல்ல வந்தது, புரிகிற மாதிரி சொல்லு என்று ஒரு நீதிபதி கேட்டாரே, அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இந்த மேடைக்கே வந்தேன்.

இன்னொன்றைத் தம்பி சொல்லாமல் விட்டுவிட்டார். 2023 ஜூலை. ஃப்ளோரிடாவிலே கெயின்ஸ்வில் விமான நிலையம். 17 வயதுப் பையன், தனியாக வருகிறான். டிக்கெட் நியூயார்க்குக்கு, சார்லட் வழியாக. விமான நிறுவன ஊழியர் அவனுடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்க்கிறார், வட கரோலினா என்று போட்டிருக்கிறது. ஓகோ, சார்லட்டிலே இறங்கப் பார்க்கிறாய் என்று விசாரணை. டிக்கெட் ரத்து. புதிதாக நேர் டிக்கெட் வாங்கு. பெரியோர்களே, அவன் இறங்கவே இல்லை. ஏறவே இல்லை! உன் மனசிலே இறங்குகிற எண்ணம் இருக்கிறது என்று பதினேழு வயதுப் பிள்ளையைத் தனியாக நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? எண்ணத்துக்கே தண்டனை என்றால், நான் மனசிலே நினைக்கிறதுக்கெல்லாம் எங்க வீட்டு அம்மா எனக்குச் சோறே போடக்கூடாது. (சிரிப்பு)

எதிரணியிலே பேசிய சகோதரி ஒரு செய்தியைச் சொன்னார். அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டு தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. கனிஷ்கா விமானத்தைச் சொன்னார். 1985 ஜூன் 23. ஏர் இந்தியாவின் கனிஷ்கா, அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலுக்கு மேலே வெடித்தது. 329 உயிர். பெட்டியைக் கொடுத்தவன் ஏறவில்லை, பெட்டி மட்டும் ஏறியது. கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்கப் புறப்பட்ட குழந்தைகள் அதிலே எத்தனை பேர். "பயணி ஒருவர் ஏறவில்லை என்றால் அது பாதுகாப்புப் பிரச்சினை, உங்கள் 180 டாலர் பெரிதா?" என்று சகோதரி கேட்டார். கேள்வியிலே நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த விபத்து கற்றுக்கொடுத்தது என்ன? ஆள் இல்லாத பெட்டி விமானத்திலே இருக்கக்கூடாது என்பது. நடுவிலே இறங்குகிறவனைப் பாருங்கள். அவன் பெட்டியே கொடுக்க முடியாது சகோதரி! பெட்டி கொடுத்தால் அது அவனை விட்டுவிட்டு நார்ஃபோக் போய்விடும். கைப்பையோடு ஏறி, கைப்பையோடு இறங்குகிறவன் அவன். அவனுக்காக விமானத்தை நிறுத்திப் பெட்டி தேட வேண்டிய வேலையே இல்லை.

அதனாலே ஒரு ரகசியமும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை நம் ஆட்கள் செய்வது கஷ்டம். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ, அதிலே அரைக் கிலோ கூடிப்போச்சு என்று விமான நிலையத்திலேயே பெட்டியைப் பிரித்துப் போட்டு, இட்லிப் பொடியைக் கைப்பைக்கு மாற்றுகிற ஜாதி நாம்! மருமகளுக்குச் செய்த மாவடு ஊறுகாய் தனியாக நார்ஃபோக்கிலே போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும், நாம் சார்லட்டிலே நிற்போம். (சிரிப்பு) கைப்பைதான் வைத்திருக்கிறேன் என்றாலும், மேலே வைக்க இடமில்லை, கீழே போடு என்று வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். போகவர ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் திரும்புகிற பயணம் போச்சு. உரிமைக்காக வாதாடுகிறேனே தவிர, இது சுகமான காரியம் என்று நான் சொல்லவில்லை. தாய்மார்கள் வீட்டுக்குப் போய், "பேராசிரியரே சொல்லிட்டாரு" என்று கிளம்பிவிடாதீர்கள்.

எதிரணியின் வாதங்களிலே எனக்கு உள்ளபடியே கனமாகப் பட்டது ஒன்றுதான். இப்படி எல்லோரும் இறங்க ஆரம்பித்தால், விமானக்காரன் மலிவு டிக்கெட்டையே நிறுத்திவிடுவான், நார்ஃபோக் மாதிரிச் சின்ன ஊர்க்காரனுக்குத்தான் விலை ஏறும் என்பது. சும்மா சொல்லவில்லை. 2001-லேயே அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து, இந்த விதிகளைத் தடை செய்தால் பயணிகளுக்கு நன்மை வர வாய்ப்பில்லை என்றுதான் அறிக்கை கொடுத்தது. அறிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அதை இன்னொரு பக்கத்திலிருந்து படியுங்கள். சார்லட்காரன் அதிகம் கொடுப்பதால்தான் நார்ஃபோக்காரனுக்குக் குறைவாகக் கொடுக்க முடிகிறது என்று அதற்கு அர்த்தம். அப்படியானால் அதைச் சொல்லிவிட்டு வாங்கு! 'உனக்கு வேறு வழி இல்லாததால் 180 டாலர் சேர்த்து வாங்குகிறோம்' என்று டிக்கெட்டிலே அச்சடி. கொடுக்கிறவன் கொடுக்கட்டும். சொல்லாமல் வாங்கிவிட்டு, கண்டுபிடித்தவனை மட்டும் திருடன் என்று சொல்லாதே.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஐயா, ஒரே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

இத்தனை நேரம் காசு மிச்சம் பிடிக்க இறங்குகிறவனைப் பற்றியே பேசினோம். காசே மிச்சம் பிடிக்காமல் ஒரு காலை விட்டவர் ஒருவர். மதுரைப் பக்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எனக்குத் தெரிந்தவர். மனைவி மகள் பிரசவத்துக்காக முன்னாடியே இங்கே வந்துவிட்டார். குழந்தை பிறந்து, இவர் கிளம்புகிறார். மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்தான், மதுரை, சென்னை, அங்கிருந்து வெளிநாடு மாறி அமெரிக்கா. எல்லாம் ஒரே டிக்கெட். இவர் என்ன செய்தார்? சென்னையிலே தங்கை வீடு இருக்கிறது, ஒரு நாள் முன்னாடி போய்ப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸிலே ஏறி வந்துவிட்டார். மதுரை சென்னை விமானத்துக்குக் கொடுத்த காசு போனால் போகட்டும் என்றுதான் நினைத்தார். நாம் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம்.

மறுநாள் ராத்திரி மீனம்பாக்கத்திலே கவுண்டருக்குப் போகிறார். கையிலே பாஸ்போர்ட், விசா, பேத்திக்குத் தங்கை கொடுத்த வெள்ளிக் கொலுசு. அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறது, "சார், நீங்க நோ ஷோ. உங்க டிக்கெட் முழுக்க கேன்சல் ஆயிடுச்சு." இவருக்குப் புரியவில்லை. நாற்பது வருஷம் ஆங்கில இலக்கணம் நடத்தியவர் ஐயா அவர். "நோ ஷோன்னா என்னம்மா?" "நீங்க வரலைன்னு அர்த்தம் சார்." "நான்தாம்மா இங்க நிக்கிறேனே!" (சிரிப்பு, பிறகு அமைதி)

நான்தாம்மா இங்க நிக்கிறேனே. அவர் வந்து நிற்கிறார், சென்னையிலிருந்து புறப்படுகிற விமானத்துக்குக் காசு கொடுத்திருக்கிறார், விமானம் வெளியே நிற்கிறது, அவருடைய இருக்கை இருக்கிறது. ஆனால் முதல் காலை வைக்காததாலே மிச்சக் கால்களையும் வெட்டிவிட்டார்கள். திரும்பி வருகிற டிக்கெட் உள்பட. அவர் ஒரு பைசா ஏமாற்றவில்லை. ஒரு விமானத்தைக் குறைத்துப் பறக்க நினைத்தார், அவ்வளவுதான். அன்று ராத்திரி தங்கை வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்துகொண்டு மகனுக்குப் போன் போட்டு, "அம்மாகிட்ட இப்பச் சொல்லாதடா" என்றாராம். நிறுவனத்தின் பெயர் எனக்கு வேண்டாம், அவர்களுடைய விதிப்படிதான் செய்தார்கள். விதிதான் என் பிரச்சினை.

இதே மாதிரி விதியைத்தான் 2018-இல் ஸ்பெயின் நாட்டு உச்ச நீதிமன்றம் பார்த்தது. ஐபீரியா நிறுவனம், போகிற பயணத்துக்கு வராதவரின் திரும்புகிற டிக்கெட்டை ரத்து செய்யும் விதி வைத்திருந்தது. காசு முழுக்கக் கொடுத்தவன் அதிலே ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தினால் நிறுவனத்துக்கு என்ன நஷ்டம் என்று பார்த்து, அந்த விதி செல்லாது என்றார்கள். எங்கள் தலைமையாசிரியர் ஸ்பெயின்காரராகப் பிறந்திருந்தால் பேத்திக்கு அந்தக் கொலுசு பத்து நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

எதிரணித் தலைவர் அடுத்து எழுந்து பதில் சொல்லப் போகிறார். அவரிடம் ஒரே கேள்வி. அந்தக் கவுண்டரிலே உங்களை உட்கார வைத்து, எதிரே இந்தப் பெரியவரை நிறுத்தினால், "ஐயா, நீங்கள் வாக்கை மீறிவிட்டீர்கள்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்களா? சொல்வேன் என்றால் தைரியமாகச் சொல்லுங்கள், நானே எழுந்து கைதட்டுகிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, எனக்குக் கொடுத்தது பன்னிரண்டு நிமிஷம். கடிகாரப்படி இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருக்கிறது. அந்தக் கடைசி ஒரு நிமிஷத்தை விட்டுவிட்டு நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். தயவுசெய்து யாரும் பின்னாலேயே வந்து வித்தியாசப் பணம் கேட்காதீர்கள். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)